வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

பத்திரிகையில் குளவிக் கொட்டுச் செய்தி வந்தால், எத்தனை பேர் என்று பார்ப்பதற்கு முன் எந்தத் தேயிலைத் தோட்டம் என்று பார்ப்பேன். பிறகு வயதைப் பார்ப்பேன். ஐம்பதை ஒட்டிய ஒரு பெண் என்றிருந்தால் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவேன். தேத்தண்ணி ஆறும்வரை அதைத் தொடமாட்டேன். இதுவரை அந்தத் தோட்டத்தின் பெயர் வரவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை; கேட்கக்கூடிய நிலையிலும் நான் இல்லை. தோட்டத்தில் அவரைக் கதவக்கா என்பார்கள். வட்டகொடைக்கு மேலே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயமொன்றில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை, அவருடையது. அதன் கதவு மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. மார்கழிக் குளிரிலும், சாரல் அடுப்புவரை வரும் ஆனி மழையிலும், உடைந்த ஆட்டுக்கல் துண்டொன்றை முட்டுக் கொடுத்து, நாலு விரல் அகலத்துக்காவது திறந்தே வைத்திருப்பார்.

பக்கத்துக் காம்பரா ரஞ்சனிக்கு அவரைச் சீண்டாமல் பொழுது போகாது. எங்களோடு ஒரே இடத்தில் வேலை செய்தவள் என்பதால் இதையெல்லாம் நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

"ஏங்கக்கா, சிறுத்தை வந்து தேத்தண்ணி கேட்டா என்னா செய்வீங்க?"

"ஊத்திக் குடுப்பேன். சீனி தீந்துபோச்சு, வெறுந் தேத்தண்ணிதான்னு சொல்லுவேன். அதுவா ஓடிரும்."

தலவாக்கலைக்குப் போகும் பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டார். வாசலுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "உள்ளுக்குப் போங்கக்கா, உள்ளுக்குப் போங்க" என்று பஸ் கண்டக்டர் கத்துவான். "உள்ள போயி என்னா தம்பி செய்யிறது? திரும்ப எறங்கத்தானே வேணும்" என்பார். அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. இடமும் மாறமாட்டார்.

காரணம் என்று ஊரில் பல கதைகள் இருந்தன. தாயும் தகப்பனும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தையாக இருந்த அவரைக் காம்பராவுக்குள் பூட்டிவிட்டுப் போவார்களாம். இல்லை, கலவர நேரத்தில் ஒரு உரக் களஞ்சியத்துக்குள் இரண்டு நாள் ஒளிந்திருந்தார்களாம். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டேன். "காத்து வேணும் சேர், வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இன்னொருவருடைய பயத்தின் வேரைத் தோண்டுவது நாகரிகம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

நான் யாழ்ப்பாணத்தான். கொட்டகலைப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பின்னும் திரும்பிப் போகாமல் இருந்துவிட்டவன். மனைவி காலமான பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில், ஒரு சிறிய கம்பனி வந்து அலுமினியப் பலகைகளால் ஜன்னல் இல்லாத அறையொன்றைக் கட்டியது. தரம் பார்க்க இரசாயனம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார்கள். போனேன்.

அங்கே நடந்த வேலையைச் சொல்ல வேண்டும். விரல் நகம் அளவான உருக்குத் தகடு. அதில் நூறு ஊசிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரிலும் குட்டை. வெறுங் கண்ணுக்குத் தகடு சொரசொரப்பாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். அந்த ஊசிகளின் மேல்பாதியில் மருந்தைப் பூசிக் காயவைக்க வேண்டும். தகட்டைத் தோலில் வைத்து அழுத்தினால், ஊசிகள் மேல்தோலைத் தாண்டிப் போய், பூச்சு உள்ளே கரைந்துவிடும். சிரிஞ்சும் வேண்டாம், தாதியும் வேண்டாம். நாங்கள் பூசியது, குளவியோ தேனீயோ கொட்டி மூச்சு அடைத்துப் போகிறவர்களுக்கான மருந்து. இன்னும் சோதனையில்தான் இருந்தது. பூசிய தகடுகள் ஆய்வுகூடங்களுக்குப் போயின.

தகட்டை ஒரு கவ்வியில் மாட்டி, பூதக்கண்ணாடியைப் பார்த்தபடி, மருந்துக் குழிகளுக்குள் இறக்கி, மெதுவாகத் தூக்க வேண்டும். காற்றில் காயவிட்டு மறுபடி முக்க வேண்டும். ஒரு தகட்டுக்கு எட்டுத் தடவை. கொஞ்சம் வேகமாகத் தூக்கினால் முனையில் மருந்து உருண்டு நிற்கும், தோலுக்குள் இறங்காது. அதற்குப் பெண்கள் 'தொப்பி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அறைக் காற்றில் ஈரம் ஏறினால் பூச்சு காயாமல் வழிந்து ஊசிகளின் அடியில் தேங்கும். அது 'பாவாடை'. என் அறிக்கைகளில் இதற்கெல்லாம் நீளமான ஆங்கிலப் பெயர்கள் இருந்தன. பேசும்போது நானும் தொப்பி, பாவாடை என்றே பேசினேன்.

கதவக்காவின் தகடுகளில் தொப்பி வந்ததே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவார். விட்ட மூச்சு முகமூடியை உப்பவைக்கும்போது தகடு மேலே வந்திருக்கும். நூறு ஊசியும் ஒரே உயரத்துக்கு நனைந்திருக்கும். ரஞ்சனி எட்டிப் பார்த்து, "இந்தக் கையால என் தலையில எண்ணெய் வச்சு விடுங்கக்கா, முடியாவது வரிசையா மொளைக்கட்டும்" என்பாள்.

அந்த வேலை அவருக்குக் கிடைத்ததும் குளவியால்தான். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் மலையில் கொழுந்து எடுக்கும்போது கூடு கலைந்து, பலரையும் கொட்டியது. மற்றவர்களுக்கு வீக்கம், காய்ச்சல். இவருக்கு மட்டும் தொண்டை அடைத்துப் போனது. சாக்கில் கிடத்திப் பாதைவரை தூக்கி வந்து, லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு தடவை கொட்டினால் பிழைப்பது சந்தேகம் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். புருஷன் முன்பே இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவருடைய பேராவது தோட்டப் பதிவில் இல்லாவிட்டால் காம்பராவை விடச் சொல்லிவிடுவார்கள். எங்கள் அறையில் வேலை செய்தாலும் பேர் வெட்டப்படாது என்று தோட்டத்தோடு ஒரு ஒப்பந்தம் இருந்தது. மலைக்குப் போகாமல் காம்பராவைக் காப்பாற்ற அவருக்கு இருந்த ஒரே வழி அந்த அறைதான். அதற்கு ஜன்னல் இல்லை. கதவு இரண்டு இருந்தன. ஒன்றுக்குப் பின் ஒன்று. இரண்டும் இறுக மூடியிருக்க வேண்டும்.

ஒரு நாள் என்னிடம் கேட்டார். "சேர், ஒரேயொரு தகடு குடுக்க ஏலுங்களா? மடியில வச்சுக்கிறேன். எப்படி அழுத்தணும்னு மகளுக்கும் சொல்லி வச்சிருவேன்."

"அது ஏலாது பிள்ளை. இன்னும் பரிசோதனை முடியேல்லை. ஏதும் பிழையாப் போனால் ஆர் பொறுப்பு?"

"சரிங்க சேர்" என்றார். நான் மறுத்தது சரிதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். என் குற்றம் வேறு.

பருவமழை தொடங்கியபோது ட்ரே ட்ரேயாகப் பாவாடை கட்டியது. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒழுங்காக ஓடியும் அறைக்குள் ஈரம் ஏறியது. சில தகடுகளில் மருந்து இளஞ்சிவப்பாக மாறியது. அது கெட்டதற்கு அடையாளம். மெனேஜர் கொழும்புப் பக்கத்துச் சிங்களப் பொடியன். நல்ல தமிழ் பேசுவான். "மாஸ்டர், நமக்கு வேலை குடுக்கிற வெளிநாட்டு ஆக்கள் பாக்க வரப்போறாங்க. இப்படிப் போனா யாரையாவது நிப்பாட்டத்தான் வேணும்" என்றான்.

காரணத்தை நான் கண்டுபிடித்தேன். உள்கதவின் நிலையில், தாழ் விழும் இடத்தில், தகடு துடைக்கும் துணியொன்று எட்டாக மடித்துச் செருகப்பட்டிருந்தது. கதவு மூடினதுபோலத் தெரியும். ஆனால் ஒரு நூல் இடைவெளி இருக்கும். அந்த நூலுக்குள்ளால் மலை மூட்டம் முழுவதும் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். துணியை மேசையில் வைத்தேன்.

"என்ன பிள்ளை இது? இதை ஆர் வைச்சது?"

அவர் பொய் சொல்லவில்லை. "நான்தாங்க சேர். கதவு 'டக்'குன்னு விழுந்தா கை நடுங்குதுங்க. கை நடுங்கினா தொப்பி வந்துரும்ல."

"தொப்பி வராமல் இருக்கப் பாவாடை கட்டுறீரோ?"

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "என்னய நிப்பாட்டிருவீங்களா சேர்? நிப்பாட்டினா மலைக்குத்தான் போகணும்."

யோசித்து ஒரு வழி சொன்னேன். அன்று அதை மிக நல்ல யோசனை என்று நினைத்தேன். உள்கதவுக்கு வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் போடுவது; அது சத்தமில்லாமல் விழும், கதவும் இறுக மூடும். அவர் உள்ளே போனதும் நான் அதைப் போட்டுவிடுவேன். கதவு அடிக்கடி திறபடாமல் இருக்க, மற்றப் பெண்கள் கீழ்க் கட்டடத்தில் தகடு எண்ணிப் பொதி செய்யட்டும்; பூசும் வேலையை அவர் தனியே செய்யட்டும்.

"நான் கதவோடை கதிரை போட்டு இருப்பன். நீர் ஒருக்காத் தட்டினால் காணும். உடனை திறப்பன்."

"ஒரு தட்டுத் தட்டினாப் போதுங்களா?"

"ஓம். ஒரு தட்டு."

"எங்கயும் போயிற மாட்டீங்களே சேர்?"

"போகமாட்டன்."

இரண்டரை வாரம் சொன்னபடி இருந்தேன். உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம்தான். அங்கே கதிரை போட்டுக்கொண்டு பத்திரிகை வாசித்தேன். அரை மணிக்கு ஒரு தடவை உள்ளேயிருந்து ஒரு தட்டு வரும். முதல் நாள் பதறிப்போய்த் திறந்தேன். அவர் முகமூடிக்கு மேலே கண்ணால் சிரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க சேர். இருக்கீங்களான்னு பாத்தேன். நீங்களும் ஒரு தட்டுத் தட்டுங்க, போதும். கதவத் தொறந்தா ஈரம் வந்துரும்."

அதன் பிறகு அவர் ஒன்று தட்டுவார், நான் ஒன்று தட்டுவேன். அவ்வளவுதான். என் வீட்டில் நான் இருக்கிறேனா என்று கேட்க அப்போது யாரும் இல்லை. அந்தத் தட்டுக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பாவாடை நின்றது. ட்ரேக்கள் எல்லாம் தேறின. மெனேஜர் என் தோளைத் தட்டினான்.

வெளிநாட்டு ஆட்கள் மூன்று பேர் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார்கள். கதவக்கா ஏற்கெனவே உள்ளே இருந்தார். மெனேஜர் வந்து, "மாஸ்டர், அஞ்சு நிமிஷம், கீழே வந்து நீங்களே விளக்கிச் சொல்லுங்க. உங்க இங்கிலீஷ்தான் நல்லம்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தாழ்ப்பாளை எடுத்துவிட்டும் போயிருக்கலாம். ஐந்து நிமிஷம்தானே என்று போனேன்.

கீழே பேசப் பேச ஐந்து நிமிஷம் அரை மணியானது. அவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். நானும் நிறுத்தவில்லை. பிறகு மேலே ஏறினோம். நாங்கள் வெளிக்கதவுக்கு முன்னால் வந்து நிற்கவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. மழைக்காலத்தில் அது புதிதல்ல. காற்றாடிகளும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஒன்றாக நின்றன. அந்தக் கட்டிடத்தில் அப்படியொரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்த அமைதிக்குள் ஒரு தட்டு வந்தது.

கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அவர் கதவை இடிக்கவில்லை, கத்தவில்லை. பேசிவைத்தபடி ஒரு தட்டு, காத்திருப்பது, மறுபடி ஒரு தட்டு. உள்ளே கும்மிருட்டாக இருந்திருக்கும்.

வந்தவர்களில் வயதான பெண்மணி என்னைப் பார்த்து, அது என்ன சத்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மெனேஜர் என்னைப் பார்த்தான். வெளியே தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் ஒரு பெண் வேலை செய்கிறாள் என்று சொன்னால் அவர்கள் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் பாடசாலையில் முப்பத்தைந்து வருடம் உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தவன். யோசிக்க ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

"பம்ப்" என்றேன். "வோட்டர் பம்ப்."

மின்சாரம் இல்லாத நேரத்தில் பம்பு எப்படி ஓடும் என்று அந்தப் பெண்மணி கேட்கவில்லை. மெனேஜர் அவர்களைத் தேயிலை ருசிபார்க்கக் கீழே கூட்டிக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன். கோப்பை கோப்பையாக வைத்தார்கள். நானும் ஒவ்வொன்றாகக் குடித்துக் கருத்துச் சொன்னேன். தலைக்கு மேலே பலகைத் தளம். அதற்கு மேலே அந்தத் தட்டு. ஒரு கட்டத்தில் அது நின்றுவிட்டது. நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மின்சாரம் வராததால் அறையைப் பார்க்காமலே அவர்கள் போனதும் ஓடிப்போய்த் திறந்தேன். அவர் தரையில் குப்புறக் கிடந்தார். முகமூடியைக் கழற்றி, கதவின் அடியில் இருந்த ரப்பர் பட்டையை நகத்தால் பிய்த்து, அந்த இடைவெளியில் வாயை வைத்திருந்தார். விரல் நுனிகளில் இரத்தம். என்னைக் கண்டதும் எழுந்து முகமூடியைச் சரியாகப் போட்டுக்கொண்டார். மேசையைக் காட்டினார்.

"கடைசி ரெண்டு தகடு முடியலீங்க சேர். கரெண்டு போயிருச்சு."

அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். மறுநாள் வரவில்லை. கம்பனிக்கு அந்த வேலை கிடைத்தது. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

ரஞ்சனிதான் சொன்னாள். "அக்கா கூடையத் தூக்கிட்டாங்க சேர். மலைக்குப் போறாங்க."

"குளவி கொட்டினால்?"

"நானும் அதான் கேட்டேன். 'குளவி கொட்டினா ஓடவாவது செய்யலாம்டி'ங்கிறாங்க." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அன்னைக்கு நீங்க எங்க சேர் இருந்தீங்க? நாங்க கீழ்க் கட்டடத்துல பொதி கட்டிக்கிட்டு இருந்தோம். எங்களுக்குக் கேக்கல. உங்களுக்குமா கேக்கல?"

நான் ட்ரேயை இழுத்து, எண்ணிய தகடுகளையே மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு பின்னேரம், லயத்துக்குப் போனேன். அதற்குள் ஏன் போகவில்லை என்றால், முதலில் அவரே திரும்பி வருவார் என்று நினைத்தேன். பிறகு, என்ன சொல்வது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் மூன்று தகடுகள் இருந்தன. அவரே பூசியவை, நூறு ஊசியும் ஒரே உயரத்துக்கு நனைந்தவை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருடியிருந்தேன். விதியும் பரிசோதனையும் எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தகடுகளைக் கையில் கொடுக்க வேண்டும், மகளுக்கு எப்படி அழுத்துவது என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

தூறிக்கொண்டிருந்தது. நான் பாதையில் ஏறி வருவது மேலேயிருந்து நன்றாகத் தெரியும். லயத்தின் கடைசிக்கு வந்தபோது ஆட்டுக்கல் துண்டு வாசலுக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. கதவு மூடியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

ஒரு தட்டுத் தட்டினேன்.

பாத்திரச் சத்தம் நின்றது.

"அம்மா, யாரோ கதவத் தட்டுறாங்க" என்றது மகளின் குரல்.

"யாருமில்ல. அது பம்பு."

"பம்பா? பைப்புலயே தண்ணி வர்றதில்ல, இங்க எங்கம்மா பம்பு?"

பாத்திரம் கழுவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

நான் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன். மழை பட்டால் பூச்சு கரைந்துவிடும். நிலையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றால் அதற்குள் ஈரம் இறங்கிவிடும். அவர் அதைச் செருப்பால் ஒதுக்கிவிடவும் கூடும். வாயைத் திறந்து என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை.

இன்னொரு தட்டுத் தட்டினேன். பேசிவைத்தபடி, ஒன்றுதான். பிறகு காத்திருந்தேன்.